சூடேறினால் மட்டும் வரும் கோளாறு

காதுக்காரர் என்று கேட்டால்தான் அந்தத் தெருவில் வழி காட்டுவார்கள். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. அது அவருடைய ஓட்டுநர் உரிமத்துக்குள் நிம்மதியாகத் தூங்குகிறது. பழைய கார்களின் கார்புரேட்டரைச் சரிசெய்வது அவர் பிழைப்பு. அதற்கு அவர் நம்பியிருந்த கருவி, முழங்கை நீளத்துக்கு வெட்டிய ஒரு ரப்பர் குழாய். ஒரு முனையைக் கார்புரேட்டரின் வாயருகே பிடித்து, மறுமுனையைக் காதில் வைத்துக்கொள்வார். காற்று உள்ளே போகிற 'உஸ்' சத்தத்தைக் கேட்டபடியே திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புவார். கண்ணை மூடிக்கொண்டுவிடுவார். அந்த நேரத்தில் பக்கத்தில் நிற்பவர்கள் இருமக்கூட யோசிப்பார்கள். ஓரிடத்தில் கை தானாக நிற்கும். அதன்பிறகு அந்த வண்டி மாதக்கணக்கில் ஷெட் பக்கம் தலைகாட்டாது.

இந்தக் காது சும்மா வந்துவிடவில்லை. இளவட்டமாக இருந்தபோது அவருக்குத் தண்ணீர் இறைக்கும் நிலையம் ஒன்றில் டீசல் என்ஜினுக்குக் காவல் இருக்கும் வேலை. என்ஜின் ஒழுங்காக ஓடுகிறவரை தூங்கலாம், சத்தம் மாறினால் எழுந்துவிட வேண்டும். இதுதான் அங்கே சட்டம். காதடைக்கும் இரைச்சலில் அடித்துப் போட்டதுபோல் தூங்குவார். பெல்ட் லேசாக வழுக்கினால் போதும், வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்துவிடுவார். கல்யாணமான புதிதில் இதனால் ஒரு சங்கடம் வந்தது. வீடு அமைதியாக இருந்ததால் மனுஷனுக்குத் தூக்கமே பிடிக்கவில்லை. புதுப்பெண் தையல் மெஷினை மிதித்து மிதித்துப் புருஷனைத் தூங்கவைத்தாள் என்று உறவுக்காரர்கள் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். அவளும் அதை மறுத்ததில்லை.

அவளுக்கு ஒரு தம்பி. ரேடியோ பழுது பார்த்துக்கொண்டிருந்தவர், அந்தத் தொழில் படுத்துவிட்டதும் அக்கா புருஷனின் ஷெட்டில் வந்து சேர்ந்தார். கார்புரேட்டர் பக்கம் காதுக்காரர், கரண்ட் பக்கம் மச்சினர். பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுப்பது இவர் பொறுப்பு. அதைக் கொளுத்தும் பொறியைச் சரியான நேரத்தில் கொடுப்பது அவர் பொறுப்பு. வண்டி ஓடுகிறவரை இந்தப் பங்கீட்டில் ஒரு வம்பும் இல்லை. நின்றுவிட்டால்தான் தகராறு. ஏனென்றால் பெட்ரோல் கோளாறு பொறிக் கோளாறு மாதிரி நடிக்கும். பொறிக் கோளாறு அதைவிடப் பிரமாதமாக நடிக்கும்.

அப்படித்தான் ஒரு வண்டி ஏற்றத்தில் பாதி வழியில் நின்று தொலைத்தது. "உங்க பெட்ரோல் ஜெட்லதான் அடைப்பு மாமா" என்று ஒருவரும், "உன் பாயிண்ட்லதான் கரி மச்சான்" என்று இன்னொருவரும் ஆரம்பித்தார்கள். அங்கேயிருந்து பேச்சு நகர்ந்து நகர்ந்து, பெண் கொடுத்த காலத்தில் யார் யாரை மதிக்கவில்லை என்பதுவரை போய்விட்டது. அதற்குப் பிறகு பல மாதம் இருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. நடுவில் மாட்டிக்கொண்டு திண்டாடியவள் காதுக்காரரின் மனைவிதான். ஒருநாள் இருவரையும் சமையலறைக்குக் கூப்பிட்டு உட்காரவைத்தாள். கையில் கரண்டி இருந்தது.

"இனிமே காலையில தம்பி வேலை பார்க்கட்டும். மத்தியானத்துக்கு மேல நீங்க பாருங்க. ஒருத்தர் வேலையப் பத்தி இன்னொருத்தர் வாயத் திறக்கக் கூடாது. திறந்தா ரெண்டு பேருக்கும் என் கையால சாப்பாடு கிடையாது, சொல்லிட்டேன்."

இந்தத் தீர்ப்பு வேலைக்கும் தோதாக அமைந்துவிட்டது. பொறியைத் தட்டிவிடும் பாயிண்டின் இடைவெளியையும், பொறி விழும் நேரமான டைமிங்கையும் என்ஜின் ஆறியிருக்கும்போது பார்ப்பதுதான் மச்சினரின் பழக்கம். கார்புரேட்டரை என்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகுதான் சரிசெய்து வைக்க முடியும். ஆகவே ஆறிய வண்டி தம்பிக்கு, சூடான வண்டி மாமாவுக்கு. வருஷக்கணக்கில் ஷெட்டில் ஒரு முணுமுணுப்பு எழவில்லை. மரியாதை என்றால் அப்படி ஒரு மரியாதை! அந்த மரியாதைதான் காதுக்காரரை மூலையில் உட்காரவைக்கப் பார்த்தது.

பல் டாக்டரம்மாவின் கார் வழக்கமான சர்வீசுக்குத்தான் வந்தது. பாலேடு நிறத்தில், உருண்டை முதுகோடு, அவளுடைய அப்பா காலத்து வண்டி. காலையில் மச்சினர் பாயிண்டையும் கண்டென்சரையும் கழற்றிவிட்டுப் புதிது போட்டார். கண்டென்சர் என்பது விரல் நுனியளவு இருக்கும் ஒரு சின்னத் தகரக் குப்பி. அது ஒழுங்காக இருந்தால்தான் பொறி பளிச்சென்று வரும். பிற்பகலில் காதுக்காரர் வண்டியை ஒரு சுற்று ஓட்டிச் சூடேற்றிக்கொண்டு வந்து, குழாயைக் காதில் வைத்தார். உஸ்ஸுக்குப் பின்னால் என்னவோ இடறியது. ஓடுகிற ஓட்டத்தில் ஒரு துடிப்பு சோர்ந்துவிட்டுத் திரும்ப வருகிற மாதிரி. பொறிதான் வலுவில்லை என்று காது சொன்னது.

ஆனால் எப்படிச் சொல்வது? காலையில்தான் எல்லாம் புதிதாகப் போட்டிருக்கிறார் மனுஷன். சொன்னால் பழைய கதை மறுபடி ஆரம்பிக்கும். டாக்டரம்மாவிடம் மச்சினருக்குக் கெட்ட பேரும் வரக் கூடாது. காதுக்காரர் பெட்ரோலைச் சற்றே தாராளமாக விட்டார். இடறல் அமுங்கிப்போனது. நல்ல காரியம் செய்த திருப்தியோடு கையைத் துடைத்துக்கொண்டார்.

வண்டி சில நாளிலேயே திரும்பி வந்தது. பின்னால் புகை, முன்னால் டாக்டரம்மாவின் கடுகடுத்த முகம். காலையில் மச்சினர் என்னவோ பார்த்தார். பிற்பகலில் காதுக்காரர் குழாயை வைத்தபோது இடறலோடு கூடவே, ஆக்சிலேட்டரை மிதித்தால் 'கிடுகிடு' என்று ஒரு தட்டல். போன தடவை இல்லாத சத்தம்! திகைத்துப்போனார். பெட்ரோலை இன்னும் கொஞ்சம் ஏற்றித் தட்டலை அடக்கினார். அடுத்த முறை வந்தபோது தட்டல் கூடியிருந்தது, புகையும் கூடியிருந்தது. எதைத் திருப்பினாலும் மறுவாரம் வேறொரு சத்தம். நேற்று சரியென்று கேட்டது இன்றைக்குத் தப்பென்று கேட்டால், தப்பு வண்டியிலா, கேட்கிற காதிலா?

அந்தச் சந்தேகம் ஒருமுறை உள்ளே நுழைந்துவிட்டது, அவ்வளவுதான். மனுஷன் வீட்டுக்குப் போய்ச் சோதனை நடத்த ஆரம்பித்தார். கைக்கடிகாரத்தைக் கழற்றி வலது காதில் வைத்துப் பார்த்தார், இடது காதில் வைத்துப் பார்த்தார். கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, சமையலறைக் குழாய் சொட்டுவது கேட்கிறதா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு கவனித்தார். கேட்கவில்லை. பதறிப்போய் எழுந்து பார்த்தால் குழாயை மனைவி இறுக்கி மூடிவைத்திருந்தாள். இதையெல்லாம் யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியுமா? யார் எது சொன்னாலும் சரியாகத்தான் கேட்டோமா என்ற பயத்தில், "என்ன சொன்ன?" என்று இரண்டாம் தடவை கேட்கும் பழக்கம் வந்துவிட்டது.

அப்போதுதான் இன்னொன்றைக் கவனித்தார். வீட்டில் எல்லாரும் அவரிடம் சத்தமாகப் பேசினார்கள். "ஏங்க! சாப்பிட வாங்க!" என்று பக்கத்தில் நின்றுகொண்டே மனைவி கத்தினாள். ஷெட்டில் மச்சினர், "சாவி ஆணியில மாட்டியிருக்கு மாமா!" என்று தெருக்கோடிக்குக் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டுப் போனார். இவர்களுக்குத் தெரிந்துவிட்டது, தெரிந்தும் மனம் நோகக் கூடாதென்று சும்மா இருக்கிறார்கள் என்று காதுக்காரர் புரிந்துகொண்டார். கேட்டுவிடலாம் என்று வாயெடுப்பார். பதிலை நினைத்ததும் வேறு பேச்சுக்கு மாறிவிடுவார்.

மற்ற மெக்கானிக்குகளுக்குக் கையிருக்கிறது, கண்ணிருக்கிறது. அவருக்குக் காது ஒன்றுதான் முதல். அது போய்விட்டால் அந்த ஷெட்டில் அவருக்கு என்ன வேலை? பெட்ரோல் வாசனை பிடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருக்கலாம், அவ்வளவே. டாக்டரம்மாவின் கார் இன்னொரு தடவை திரும்பி வந்தால், குழாயை மடித்துவைத்துவிட்டு வேலைக்கு முழுக்குப் போட்டுவிட வேண்டியதுதான் என்று மனதுக்குள் முடிவெடுத்தார்.

கார் திரும்பி வந்தது. அதுவும் நட்ட நடு மத்தியானத்தில். மச்சினர் வேலையை முடித்துவிட்டுச் சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார். காதுக்காரர் சட்டையை மாற்றிக்கொண்டு வேலையை ஆரம்பிக்க வந்திருந்தார். டாக்டரம்மா வெளியூர் முகாம் ஒன்றுக்குப் போய்விட்டு நேராக அங்கேதான் வந்தாள். வண்டி விக்கிக்கொண்டு, குலுங்கிக்கொண்டு, ஷெட் வாசலில் 'டப்' என்று ஒரு பட்டாசு போட்டுவிட்டு அணைந்தது. பல் டாக்டர் வண்டியே பல்லைக் காட்டிவிட்டது என்று எதிர்க்கடைக்காரர் சிரித்தார். காதுக்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. ஆகட்டும், இன்றோடு சரி என்று நினைத்துக்கொண்டார்.

டாக்டரம்மா இறங்கிக் கதவை அறைந்து சாத்தினாள்.

"இத்தனை நாள் ஒருத்தர் இருந்தா இன்னொருத்தர் இருக்க மாட்டீங்க. இன்னைக்கு ரெண்டு பேரும் சேர்ந்து மாட்டினீங்க. யார் பக்கம் கோளாறு? எனக்கு இப்பவே தெரிஞ்சாகணும்."

"என் பக்கம்தாம்மா" என்றார் காதுக்காரர்.

"இல்லம்மா, என் பக்கம்தான்" என்றார் மச்சினர்.

"நீ சும்மா இரு மச்சான். என் பக்கம்தான்."

"நீங்க எதுக்கு மாமா உங்க தலையில போட்டுக்கறீங்க? நான்தான் பார்த்துக்கறேன்னு சொல்றேன்ல."

டாக்டரம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "என்கிட்ட வர்றவங்க எந்தப் பல் வலிக்குதுன்னு கேட்டா ஒரு பல்லைக் காட்டுவாங்க. நீங்க என்னடான்னா போட்டி போட்டுக்கிட்டு வாயையே பொத்திக்கறீங்க. சரி, கோளாற விடுங்க. இந்த வண்டிய என்னென்ன பண்ணீங்க? அதையாவது சொல்லுங்க" என்று மச்சினரின் ஸ்டூலை இழுத்துப் போட்டுச் சட்டமாக உட்கார்ந்துவிட்டாள்.

காதுக்காரருக்கு இனி மறைக்க ஒன்றும் இல்லை. வேலையை விடப்போகிறவனுக்கு என்ன வெட்கம்?

"நான் பெட்ரோல ஏத்தி ஏத்தி வச்சேம்மா. பொறி வலுவில்லாத மாதிரி என் காதுல பட்டுச்சு. அத அமுக்கறதுக்காகத்தான் ஏத்தினேன். ஆனா பொறியில ஒண்ணுமில்ல, இவன் எல்லாம் புதுசா போட்டிருக்கான். என் காதுதான் போயிடுச்சு." கடைசி வார்த்தை அவர் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது.

மச்சினர் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைப்பது நின்றது.

"எப்ப மாமா பட்டுச்சு?"

"முதல் தடவையே. சர்வீசுக்கு வந்தப்பவே."

"காலையில நான் ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தேனே, நல்லாத்தானே இருந்துச்சு?"

"ஆறியிருந்தா நல்லாத்தான் இருக்கு. சூடானாத்தான் இடறுது."

"சூடானாத்தானா?" மச்சினரின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். அந்த மனுஷன் எத்தனையோ வருஷமாகச் சூடான வண்டியைத் தொட்டதே இல்லை. ஓடிப்போய் பானெட்டைத் தூக்கினார். பொறியைப் பங்கிட்டு அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றினார். நடு வயரைப் பிடுங்கி அதன் முனையை என்ஜின் உடம்புக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, "அம்மா, சாவியத் திருப்புங்க!" என்றார்.

டாக்டரம்மா சாவியைத் திருப்பினாள். வயர் முனையில் பொறி வந்தது. நீலமாகப் பளிச்சென்று குதிக்க வேண்டியது, மஞ்சளாகச் சோம்பிக்கொண்டு வந்தது. டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ளே பாயிண்ட் மட்டும் பட்பட்டென்று தீப்பொறி கக்கியது. வெளியே போக வேண்டிய பொறியில் பாதி உள்ளேயே எரிந்து வீணாகிறது. அது கண்டென்சர் செத்ததற்கு அடையாளம். ஆறியிருக்கும்போது உயிரோடு இருந்து, சூடானதும் செத்துப்போகிற கண்டென்சர்.

"புதுசு மாமா இது" என்று முனகினார் மச்சினர். "புதுசப் போய் யார் சந்தேகப்படுவாங்க? பாயிண்ட் கரிஞ்சிருந்தத நானும் பார்த்தேன். உங்க பெட்ரோல் அதிகமாகி, அந்தப் புகையிலதான் எல்லாம் நாறுதுன்னு நெனச்சு, அரம் போட்டுத் தேச்சுவிட்டுட்டேன். பிளக் எல்லாம் அட்டக்கரி. அதுக்காகப் பொறி கொஞ்சம் முந்தியே விழட்டும்னு டைமிங்க முன்னால தள்ளி வச்சேன்."

"அடப்பாவி! அதான் கிடுகிடுன்னு தட்டுச்சா?"

"தட்டுச்சா? காலையில எனக்குத் தட்டலையே!"

"நீ எங்கடா மிதிச்சுப் பார்த்த?"

"நீங்க ஏன் மாமா வாயத் திறந்து ஒரு வார்த்தை சொல்லல?"

"நீ ஏண்டா சொல்லல?"

"எனக்கு உங்க காது போயிடுச்சுன்னு பயம் மாமா. அக்காகிட்டகூடச் சொன்னேன். கொஞ்சம் சத்தமாப் பேசுக்கா, மாமாவுக்குத் தெரிய வேணாம்னேன்."

காதுக்காரர் காரின் மட்கார்டில் கையை ஊன்றிக்கொண்டார். வாரக்கணக்காக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிப்போனது அவருக்கே நன்றாகத் தெரிந்தது. முதல் நாளே கேட்டிருக்கிறது! பொறி வலுவில்லை என்று காது சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. நம்பாமல் விட்டது அவர்தான்.

மச்சினர் பழைய சாமான் டப்பாவைக் கவிழ்த்துத் துழாவி, இந்த வண்டியிலிருந்து தானே கழற்றிப் போட்டிருந்த பழைய கண்டென்சரைத் தேடி எடுத்துப் பூட்டினார். இப்போது வயர் முனையில் பொறி நீலமாகக் குதித்தது. அதற்குப் பிறகு இரண்டு பேரும் ஒருவருக்காக ஒருவர் செய்துவைத்த தர்ம காரியங்களை ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்தார்கள். மச்சினர் முன்னால் தள்ளியிருந்த டைமிங்கைப் பின்னால் இழுத்தார். பிளக்குகளைக் கழற்றிக் கரியைத் துடைத்தார். காதுக்காரர் ஏற்றியிருந்த பெட்ரோலைக் குறைத்தார். ஒருவர் குனிந்த இடத்திலேயே இன்னொருவரும் குனிந்ததால் தலையும் தலையும் முட்டிக்கொண்டன.

"தள்ளு மச்சான், இது என் பக்கம்."

"உங்க பக்கம்தான் மாமா, ஆனா ஸ்பேனர் என்னோடது."

"ஸ்பேனரக்கூட ஒழுங்கா வச்சுக்கத் தெரியல, இதுல டைமிங் வைக்க வந்துட்டான்."

இந்தச் சத்தம் சுவருக்கு அந்தப் பக்கம் வீட்டுக்குள் கேட்டிருக்கிறது. ஈரக்கையோடு ஓடி வந்தாள் மனைவி. இருவரும் ஒரே பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு கத்துவதைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்துவிட்டது.

"திரும்ப ஆரம்பிச்சுட்டீங்களா! நான் அன்னைக்கே என்ன சொன்னேன்?"

"எதுக்கு இப்படிக் கத்துற?" என்றார் காதுக்காரர் நிமிராமலே. "எனக்குக் காது நல்லாத்தான் இருக்கு."

அவள் தம்பியைப் பார்த்தாள். தம்பி, "ஆமாக்கா, நல்லாத்தான் இருக்கு. என் கண்டென்சர்தான் செவிடு" என்றார். டாக்டரம்மா வாய்விட்டுச் சிரித்தாள். அக்காவுக்கு மட்டும் இன்னும் பாதி விளங்கவில்லை. எல்லாவற்றையும் மறுபடி ஆதியோடு அந்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது. கேட்டு முடித்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "நான் ஒருத்தி, பாழாப்போன ஒரு சட்டத்தப் போட்டு வச்சேன் பாரு" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று யாருக்கும் தெரியவில்லை.

என்ஜினை ஓடவிட்டார்கள். காதுக்காரர் குழாயைக் காதில் வைத்துக் கண்ணை மூடினார். மூவரும் வாயை மூடிக்கொண்டு நின்றார்கள். உஸ் என்று காற்று போய்க்கொண்டிருந்தது. பின்னால் இடறல் இல்லை. கொஞ்சம் திருப்பினார், இன்னும் கொஞ்சம் திருப்பினார், கை தானாக நின்றது. குழாயை எடுத்த பிறகும் கண்ணைத் திறக்க அவருக்கு மனம் வரவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தார்.

டாக்டரம்மா வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, சூடு குறையாமலே இன்னொரு சுற்று போய்விட்டு வந்தாள். விக்கல் இல்லை, தட்டல் இல்லை, புகை இல்லை. "அப்பா ஓட்டினப்ப இருந்த மாதிரியே இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கையசைத்துக் கிளம்பினாள். பாலேடு நிற வண்டி தெருவைத் தாண்டி, மூலைக் கட்டடத்தின் பின்னால் மறைந்தது.

மச்சினர் ஸ்பேனர்களைப் பொறுக்கத் தொடங்கினார். அவருடைய அக்கா, வீட்டுப் பக்கம் திரும்பினாள். காதுக்காரர் மட்டும் அசையாமல் நின்றிருந்தார்.

"வாங்க மாமா, வண்டி போயிடுச்சு."

"போகல. பாலத்துகிட்ட போய்க்கிட்டிருக்கு. ரெண்டாவது கியர்."

மச்சினர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். ஒரு சைக்கிள் மணி, எதிர்க்கடை மின்விசிறி, அவ்வளவுதான். அக்காவைப் பார்த்தார். அவளும் உதட்டைப் பிதுக்கினாள்.

"எனக்கு ஒண்ணும் கேக்கலியே மாமா."

"உனக்குக் கேக்காது" என்றார் காதுக்காரர். அவருக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது, துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை. கையை உயர்த்தி, இருவரையும் கொஞ்சம் பொறுக்கச் சொன்னார்.

"இப்ப மூணாவது போட்டாங்க" என்றார்.